தென்னைக்குப் போன தண்ணீர்

சோலைச்சாமி அத்தானுக்குச் சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாது. அந்தக் குணத்தால்தான் என் அக்கா மகன் கௌதம்ராஜ் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். நான் இப்படிச் சொல்வது அக்காவுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அத்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், ராஜபாளையத்தைத் தாண்டி இருக்கும் தோட்டத்து வீட்டில் நீச்சல் குளம் கட்டினார். மகன் போலீஸ் வேலைக்கு உடம்பைத் தேற்றட்டும் என்ற ஆசை. குளத்துக் கழிவுக் குழாயை மற்றவர்கள் சாக்கடையில் விடுவார்கள். இவர் தென்னை மரங்களின் தூருக்கு விட்டார். அந்தக் குழாயின் வால்வு உடைந்து, பாதி திறந்தபடி நின்றுபோனது. தண்ணீர் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"ஏட்டி, எங்க போகுது? நம்ம தென்னைக்குத்தான போகுது! மோட்டரப் போட்டா நெறஞ்சிட்டுப் போகுது" என்பார்.

ஒரு நாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கல்லூரி விடுதியிலிருந்து வெள்ளனப் பஸ்ஸில் வந்த கௌதம், விடியாத இருட்டில், வந்த வேகத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எப்போதும்போலத் தலைகீழாகப் பாய்ந்தான். முழங்காலளவுத் தண்ணீர்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பேசுவான், அம்மாவிடம் பேசுவான். அத்தான் கட்டிலருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர், தண்ணீரில் மிதக்கவிட்டால் தோள் கொஞ்சம் இளகும் என்றார். நடப்பான் என்று சொல்லவில்லை. அத்தான் அன்றைக்கே புது வால்வு வாங்கிவிட்டார்.

"பிளம்பரக் கூப்பிடுவோம்" என்றேன்.

"வேண்டாம். நானே மாத்துதேன்."

கௌதம் பாய்ந்த நாளிலிருந்து குளம் வற்றியே கிடந்தது. குழாயை அறுத்தபோது உள்ளே தேங்கிய அழுக்குத் தண்ணீர் அவர் மடியில் கொட்டியது. ஈரம் போகத் துடைத்து, பசை தடவி, வால்வைச் செருகிப் பிடித்துக்கொண்டார். பசை காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"விடுங்க அத்தான், இறுகிருச்சு."

"செத்த நேரம் இருக்கட்டும். இவன் ஒரு வார்த்த பேசிட்டாப் போதும்லே எனக்கு" என்றார். இத்தனை நாள் அவர்மேல் இருந்த என் கோபம் அப்போதும் போகவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

குளத்தை நிரப்பினோம். ஒரு நாள் விட்டுப் பார்த்தோம், தண்ணீர் இறங்கவே இல்லை. மறுநாள் இருவருமாகக் கௌதமைத் தூக்கிப் போனோம். அத்தான் உள்ளே இறங்கி, ஒரு கையைத் தலைக்குக் கீழேயும் ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் கொடுத்து அவனை மிதக்கவிட்டார். நான் கரையில் நின்றேன். அவன் வானத்தைப் பார்த்தான், பிறகு குலை தள்ளி நின்ற தென்னைகளைப் பார்த்தான்.

"அப்பா" என்றான்.

அத்தான் முகம் அப்படியே மலர்ந்தது. "சொல்லுய்யா!"

"தென்னயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கைய எடுத்துருங்கப்பா. நான் போயிருதேன்."

அத்தான் கை தண்ணீருக்குள் தாழ்ந்தது. தண்ணீர் அவன் வாயோரம் வரை ஏறியது. நான் சட்டையோடு குதித்து, அவர் கைக்குக் கீழே என் கையையும் கொடுத்தேன்.