சனாத்துவின் பையும் என் வெண்ணெயும்

கானா நாட்டின் டமாலே சந்தையில் சனாத்துவின் தையல் கடையும் என் வெண்ணெய்க் கடையும் ஒட்டியிருக்கின்றன. ஷியா கொட்டையிலிருந்து நானே கடைந்தெடுக்கும் வெண்ணெய். வெடித்த குதிகாலோ குழந்தையின் சொறியோ, அதற்கு அடங்காதது எதுவும் இல்லை என்று இருபது வருடமாகச் சொல்லி விற்கிறேன்.

டைபாய்டு வந்து சனாத்துவின் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. அறுவை செய்தவர்கள் குடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்து, அதன்மேல் கழிவு சேர ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து உள்ளே தள்ளித் தைத்துவிடுவார்களாம். வயிற்றில் சிவப்பாக எட்டிப்பார்த்த அந்தக் குடல்வாய்க்குச் சனாத்து 'மாமியார்' என்று பெயர் வைத்தாள்.

"ஏண்டி அந்தப் பேரு?" என்றேன்.

"நாலு பேர் இருக்காங்கன்னு பாக்குதா? நினைச்ச நேரத்துல சத்தம் போடுது. வேற என்ன பேரு வைக்க?"

முதல் மாதம் மாமியார் அடக்கமாகத்தான் இருந்தாள். பிறகு பை கசிய ஆரம்பித்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் அத்தைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த சனாத்து, பாதியிலேயே அளவுநாடாவைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். போய்ப் பார்த்தேன். பைக்கடியில் தோல் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்திருந்தது.

"இதுக்கா அழுவுற? நான் எதுக்கு இருக்கேன்?" என்று வெண்ணெயை அள்ளித் தாராளமாகத் தடவினேன்.

மறுநாள் பை இரண்டு தடவை கழன்றது. நான் இன்னும் கொஞ்சம் தடவினேன். அதற்கடுத்த நாள் மூன்று தடவை. அவள் தலைத்துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், மதியக் களியை நிறுத்தினாள். மாமியாரைப் பட்டினி போட்டால் அடங்குவாள் என்று கணக்கு.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

"ஒரு பையை ஒட்டத் தெரியலையான்னு சிரிப்பாங்க, லாமிசி. நான் வரல."

கைவசம் ஒரே ஒரு பை மிஞ்சியபோதுதான் இறங்கி வந்தாள்.

நபாரி என்ற இளம் நர்ஸ் பார்த்தார். தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பையை மெதுவாக உரித்தார். விரலை மோந்து பார்த்தார்.

"அக்கா, இது தோலா, வாணலியா? யாரு இப்படி வெண்ணெய் ஊத்தினது?"

சனாத்து என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தோல்ல எண்ணெய் இருந்தா பையோட பசை எப்படிப் பிடிக்கும்? வெறும் தண்ணியில கழுவுங்க, ஒத்தி ஒத்தித் துடைங்க, போதும்."

"கேட்டியாடி? உன்னால எத்தனை பை வீணாப் போச்சு!" என்று சனாத்து என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

"சரி, தோல் முதல்ல புண்ணானது எதனால? பையோட சேந்து வயித்துல ஒட்டுற தட்டுல ஓட்டையை எந்த அளவுக்கு வெட்டுறீங்க?" என்றார் நபாரி.

சனாத்து பெருமையாகக் கைப்பையிலிருந்து அட்டையில் வெட்டிய அச்சை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று எடுத்த அளவு. நபாரி அதைக் குடல்வாயின்மேல் வைத்தார். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது.

"அப்ப வீங்கியிருந்துச்சு. இப்ப வத்திச் சுருங்கிடுச்சு. இந்த இடைவெளியில கசிவு நின்னு தோலை அரிக்குது."

இப்போது அடக்க முடியாமல் சிரித்தது நான். போன வருட அளவைச் சொல்லிச் சட்டை கேட்டு வருகிறவர்களை நடுச்சந்தையில் கிழிகிழியென்று கிழிப்பவள் இவள்!

"வாயை மூடு," என்றாள். அவளுக்கும் உதடு துடித்தது.

நபாரி புது அளவெடுத்தார். அவர் கத்தரிக்கோலை நீட்டியதும் சனாத்து முகம் சுளித்துத் தன்னுடைய சின்னக் கத்தரியை எடுத்தாள். குடல்வாயைவிட ஒரு நூலளவே அதிகமாக, பிசிறில்லாத வட்டம் வெட்டினாள். நபாரி புண்ணில் மருந்துப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டார். தட்டைக் கொஞ்ச நேரம் சனாத்துவின் அக்குளில் வைத்து வெதுவெதுப்பாக்கிய பிறகு ஒட்டி, அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"அஞ்சு நிமிஷம் இப்படியே அழுத்திப் பிடிங்க. சிரிக்கக் கூடாது."

அதுதான் முடியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தார் அந்தப் பிள்ளை.

பை நான்கு நாள் அசையவில்லை. அரிப்பு தொடங்கினால் கசியும்வரை காத்திராமல், காலையில் வெறும் வயிற்றோடு மாற்றிவிடுகிறாள். இரண்டே வாரத்தில் தோல் ஆறியது. மதியக் களியும் வெண்டைக்காய்ச் சாறும் பழையபடி இரண்டு தடவை கேட்டு வாங்குகிறாள். என் வெண்ணெய்க்கு இப்போது அவள் கையில், அதுவும் முழங்கைவரைதான் அனுமதி.

நபாரி கூப்பிட்டதால் செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், பை மாட்டிய மற்றவர்களுக்கு வெட்டிக் காட்ட. போன வாரம் நானும் கூடப் போனேன். உடல் பெருத்த லாரி ஓட்டுநர் ஒருவர் அவள் எதிரே வெட்கத்தோடு வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்கண்ணே," என்றாள் சனாத்து. "எக்கிக் காட்டுறதெல்லாம் பொண்ணு பாக்கப் போறப்ப வச்சுக்குங்க. எனக்கு நிஜ வயிறு வேணும்."