கப்பலுக்குக் கட்டிய சாமான்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரவீனாவும் மகள் எழிலரசியும் வீடு திரும்பியபோது, கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. நடுவில் அவள் கணவன் ஜோயல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரும்பு தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"இத அப்டியே வெச்சா கப்பல்ல உப்புக் காத்துக்குத் துரு ஏறிடும் பிரவீ. எங்க கம்பெனில பார்ட்ஸெல்லாம் இப்டித்தான் எண்ண தடவி பேப்பர் சுத்தி அனுப்புவோம். அங்க இந்த மாரி கல்லு கெடைக்காதாம்."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பெட்டிகளைத் தாண்டி உள்ளே போனாள்.

ஜோயல் ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். அந்த மெஷின் அவனுடைய வலது கையில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டது. கம்பெனி அவனை வெளியே அனுப்பாமல் பேக்கிங் பகுதிக்கு மாற்றியது. அங்கே அவன் அட்டை மடிக்கிறான், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டுகிறான். பிரவீனா தண்டலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மண்ணூரில் இந்த வாடகை வீட்டில்தான் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறார்கள். டியூட்டிக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஜெர்மன் மொழி படித்து, பரீட்சை எழுதி, இப்போது ஜெர்மனியில் ஓர் ஊர் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

ஜோயலுக்குத் தெரிந்த ஏற்பாடு இதுதான்: பிரவீனாவும் பாப்பாவும் முதலில் போவார்கள். அங்கே வீடு பார்த்ததும் அவனுக்கு விசா எடுப்பாள். அவன் வீட்டுச் சாமானைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் பின்னால் விமானம் ஏறுவான்.

உண்மையில் அவனுக்காக அவள் எந்த விசாவுக்கும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை. இது அவளுடைய அம்மா கங்கம்மாளுக்கும், கூட வேலை செய்யும் ரத்னாவுக்கும் மட்டும் தெரியும்.

விரல்கள் போன பிறகு ஜோயல் குடிக்க ஆரம்பித்தான். முதலில் திட்டு, பிறகு பாத்திரம் பறந்தது, பிறகு பிரவீனா மேல் கை விழுந்தது. அவள் பொறுத்துக்கொண்டாள். சோறு சிந்தியதற்காக ஒருநாள் எழிலை அறைந்தான். இடது கை, நல்ல கை. குழந்தை சுவரில் போய் மோதி விழுந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. தன்னோடு தினமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடமே பிரவீனா, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்று சொன்னாள். அவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு சீழ் பிடித்தது. கடைசியில் அந்த இடது காது கேட்காமலே போய்விட்டது.

ஜோயல் பைபிள் மேல் கை வைத்து அழுதான். அவனுடைய அப்பா யாக்கோபு வந்து மருமகளின் காலில் விழப் போனார். கொஞ்ச நாள் வீடு அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம், ஹோம்வொர்க் நோட்டைக் கிழித்துவிட்டாள் என்று ஜோயல் மறுபடி கையை ஓங்கினான். அடிக்கவில்லை, கதவில் குத்தினான். ஆனால் எழில் இரண்டு கையாலும் தன் நல்ல காதைப் பொத்திக்கொண்டு குறுகி நின்றாள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் பிரவீனா ஜெர்மன் வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

அப்பா கையெழுத்து இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்று ரத்னா விசாரித்துச் சொன்னாள். அதனால்தான் அந்தப் பொய். கேட்ட இடத்திலெல்லாம் ஜோயல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

பிரவீனா எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அவன் நல்லவனாகிவிட்டான். குடியை விட்டான். ஷிப்ட் முடிந்தால் நேராக வீடு. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நல்ல அட்டைப்பெட்டியாகக் கேட்டு வாங்கிவந்து, மிக்ஸியா, குக்கரா, எது முதலில், எது வேண்டாம் என்று மகளோடு உட்கார்ந்து பேசினான். பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் நடக்கப் போவதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். பிரவீனா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த ஆள் முன்னாலேயே இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரியும். ஒருவேளை நிஜமாகவே திருந்திவிட்டானோ என்றும் தோன்றும். தோன்றிய உடனே, சரி, திருந்தவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு தடவை பிள்ளையையா பணயம் வைப்பது என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கப்பலில் சாமான் அனுப்பும் கம்பெனியிலிருந்து வெங்கடேசன் என்று ஒருவர் அளவு பார்க்க வந்தார். ஜோயலே போன் போட்டு வரவழைத்திருந்தான். பிரவீனாவுக்கு அது வாசலில் ஆளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வெங்கடேசன் அறை அறையாகப் பார்த்தார். "பீரோவை விட்டுடுங்க சார். வெயிட்டும் ஜாஸ்தி, அங்க லிப்ட்ல ஏறாது. கட்டிலும் வேணாம்."

"கிரைண்டரு?"

"எடுத்துக்கங்க. எங்க பார்ட்டி எல்லாரும் அதத்தான் மொதல்ல ஏத்துவாங்க."

"பாத்தியா பிரவீ, நான் சொன்னேன்ல!" ஜோயலின் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கயும் இதே வோல்டேஜ்தான். பிளக் மட்டும் மாத்தணும். நான் மாத்திடுவேன்."

"யார் பேர்ல சார் ஷிப்மென்ட்? உங்க விசா காப்பி ஒண்ணு வேணும்."

"என்து வர்ற மாசம் வந்துடும் சார். நாளைக்கு வேலைய வுடறேன்னு மேனேஜரண்ட எழுதிக் குடுக்கப் போறேன். நோட்டீஸ் முடியறதுக்குள்ள விசா வந்துடும். இன்னா பிரவீ?"

பிரவீனா குறுக்கே வந்தாள். "நாங்க போன் பண்றோம் சார்" என்று எப்படியோ சொல்லி வெங்கடேசனை அனுப்பிவைத்தாள். பிறகு எழிலைக் கூப்பிட்டு, எதிர் வீட்டில் போய் விளையாடு, நான் கூப்பிட்ட பிறகு வா என்றாள். குழந்தை செருப்பு மாட்டிக்கொண்டு போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

"வேலைய விடாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"உங்களுக்கு விசா வராது. நான் போடல. போடவும் மாட்டேன். நானும் பாப்பாவும் மட்டும்தான் போறோம்."

ஜோயல் கையில் டேப்போடு அப்படியே இருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று தேடுவது போல அவள் முகத்தையே பார்த்தான்.

"அந்தக் காதுக்கோசரமா?"

"ஆமா."

"அதுக்கப்பறம் நான் அவள தொட்டனா? சொல்லு. குடிச்சனா? இந்த ஆறு மாசத்துல ஒரு நாளு?"

"இல்ல."

"அப்பறம் இன்னா?"

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க கிட்ட வந்தா அவளுக்கும் பயம். அங்க போய் எனக்கு ராத்திரி டியூட்டி போட்டா, அவள உங்ககிட்ட விட்டுட்டு என்னால வேலை பாக்க முடியாது."

அவன் எழுந்தான். அவள் தன்னை அறியாமல் சுவரோரம் நகர்ந்தாள். அவன் அதைப் பார்த்தான்.

"பாஸ்போர்ட் எங்க?"

"வீட்ல இல்ல."

"எங்கன்னு கேக்கறேன்."

"ரத்னாகிட்ட குடுத்து வெச்சிருக்கேன்."

ஜோயல் சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டான். "எல்லாம் நல்லா பிளான் பண்ணிக்கினுதான் இருந்துகிற. நான் ஒருத்தன் இங்க லூசு மாரி பெட்டி கட்டிகினு இருக்கேன்." குரல் உடைந்தது. "நான் போய் ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா பாப்பா எங்கயும் போவ முடியாது, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இன்னா தைரியத்துல சொல்ற?"

"நாளைக்கு நீங்க வேலைய விட்டுட்டு வந்து நின்னா, அந்தப் பாவமும் எனக்கு வேணாம்."

அவள் அடிக்காகக் காத்திருந்தாள். அவன் காலடியில் இருந்த பெட்டியை எட்டி உதைத்தான். உள்ளே எதுவோ நொறுங்கியது. அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பைக் கிளம்பிய சத்தம் கேட்டதும்தான் பிரவீனா சுவரை விட்டு நகர்ந்தாள். அங்கேயே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏறிப் போனப்பறம் சொல்லியிருக்கலாம்ல? வாய் சும்மா இருக்காதா ஒனக்கு?" தான் சொன்னது சரிதான் என்று பிரவீனாவால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு போன் அடித்தாலே அவளுக்குப் பக்கென்றது. ஸ்டேஷனிலிருந்தா, வக்கீலா என்று பார்ப்பாள். யாக்கோபு ஒரு தடவை கூப்பிட்டார். மகன் மறுபடி குடிக்கிறான், ஆனால் வேலைக்குப் போகிறான் என்று சொல்லிவிட்டு, "நான் ஒண்ணும் சொல்ல வரலம்மா. புள்ள பத்தரம்" என்று வைத்துவிட்டார். புகார் எதுவும் வரவில்லை. ஏன் அவன் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. மனசு இறங்கினானா, மனசே விட்டுப்போச்சா? போய்க் கேட்கவும் துணிவில்லை.

கிளம்புகிற நாள் காலையில், எழிலின் ஸ்வெட்டர் எடுக்க மண்ணூர் வீட்டுக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். அவன் ஷிப்டில் இருப்பான் என்று நினைத்துத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆனால் அவன் இருந்தான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். பெட்டிகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் அதே இடத்தில் இருந்தன. அவற்றின் மேலேயே சட்டை, சாப்பிட்ட தட்டு எல்லாம் வைத்திருந்தான்.

"இதுல உனக்கு எதுனா வேணுமா?" என்று கேட்டான்.

"வேணாம்."

"ஒண்ணுமே வேணாமா? எல்லாம் நீ வாங்கினதுதான்."

"பேக்ல எடமில்லங்க."

எழில் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோயல் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். கட்டிப்பிடிக்கப் போவது போலக் கையை நீட்டியவன், அவள் தோள் இறுகுவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே சொருகிக்கொண்டான்.

"நல்லா படி பாப்பா."

"சரிப்பா."

பிரவீனா ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு மகளோடு டாக்ஸியில் ஏறினாள். ஜோயல் வாசல்வரை வந்தான். திறந்திருந்த கார் கதவருகே குனிந்தான்.

"ஏர்போர்ட் வரைக்கும் நான் வரட்டா? முன்னால டிரைவர் பக்கத்துல குந்திக்கறேன். எதுவும் பேச மாட்டேன்."

இத்தனை நாளும் அவனிடம் சொன்னதில் எதையும்விட இதற்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வா என்று சொல்லிவிடத்தான் நாக்கு புரண்டது. அவள் எழிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க."

ஜோயல் தலையாட்டினான். கதவைச் சாத்தினான். "சரியா மூடல அண்ணா, டோர் லைட் எரியுது" என்றான் டிரைவர். ஜோயல் மறுபடி திறந்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் அழுத்திச் சாத்தினான். கார் கிளம்பி நெடுஞ்சாலையைப் பிடித்தது.