வியாழக்கிழமை அடக்கம்

அந்தம்மா சர்ச்சின் முன்வரிசைக்கு வந்துவிடக் கூடாது. பெட்டிக்குள் வெள்ளைக் கையுறையோடு கிடந்த தாயைக்கூடப் பார்க்காமல் வெர்லீன் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இறந்தது சனிக்கிழமை. அடக்கம் வியாழனன்று. டெட்ராய்ட்டில் வீட்டுவேலைக்குப் போகும் கறுப்புப் பெண்களுக்கு அன்றுதான் விடுமுறை. வேறு நாளென்றால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்திருக்கும். இன்று தலைக்குத் தலை தொப்பி.

அம்மாவின் வெள்ளைக்கார எஜமானி ஹார்க்னெஸ் அம்மாள் வந்தேவிட்டாள். பாஸ்டர் அவளை நேராக முன்னால் அழைத்துவந்து, வெர்லீனிடம் குனிந்தார்.

“அம்மாடி, ஒங்க பெரியம்மாவ கொஞ்சம் பின்னால போகச் சொல்லேன். இவங்க குடும்பத்தோட உக்காரணுமாம்.”

ஓஸெல்லா பெரியம்மா அலபாமாவிலிருந்து ஒரு பகலும் இரவும் பஸ்ஸில் வந்திருந்தாள், தங்கையைப் பார்க்க.

“அவ எங்க வீட்டுல ஒருத்திதானே வெர்லீன்,” என்றாள் ஹார்க்னெஸ் அம்மாள். அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் வெர்லீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் அம்மா அடுப்போரம் நின்றபடிதான் சாப்பிட்டாள்.

தம்பி எல்ராய் முழங்கையால் இடித்தான். “விட்டுக்குடுக்கா. திங்கக்கிழம அவங்க கடை குடோன்ல வேலைக்குச் சேரச் சொல்லிருக்காங்க.”

உலகப் போர் முடிந்ததிலிருந்து புறநகரின் புது வீடுகளுக்கெல்லாம் ஃபிரிட்ஜ் விற்றுக் கொழுத்த கடை அது. அந்தத் தெருக்களில் கறுப்பருக்கு வீடு விற்க மாட்டார்கள். போருக்குப் போய்வந்த எல்ராயை கார் ஃபாக்டரி வேலையிலிருந்து நிறுத்தி ஆறு மாதமாகிறது.

“அப்ப நீ எந்திரியேன்.”

“நான் மகன்க்கா.”

“அது அம்மாவோட அக்கா. கூடப் பொறந்தது.”

“எனக்காக எதுக்குடி சண்ட?” பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். “பஸ்ஸுல வெள்ளக்காரங்களுக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் பழகின முட்டிதான். கர்த்தர் வீட்டுலயும் ஒரு தடவ எந்திரிச்சுட்டுப் போறேன்.”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஆர்கன் இசை நின்றது. பாஸ்டரின் நெற்றியில் வியர்வை. எல்ராய் தரையையே பார்த்தான்.

வெர்லீன் பெரியம்மாவின் மடியில் கை வைத்தாள். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

“மூணாவது வரிசையில எடமிருக்கும்மா,” என்றாள் ஹார்க்னெஸ் அம்மாளிடம், மெதுவாக.