நிழலுக்கு ஒரு ஓடுதளம்

தக்காளியைக் கேட்க ஆளில்லாமல் சம்சாரிகள் திருச்சி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாகஜோதியின் வீட்டின் மேல் ஒரு விமானத்தின் நிழல் வந்து விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மேலே விமானம் இல்லை. வடமதுரைக்குக் கிழக்கே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் அன்று வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுப் போலக் கிடந்தது. நிழலின் மூக்கு வாசல் வேம்பின் மீதும், பெருத்த வயிறு தகரக் கூரையின் மீதும், வால் கொல்லைப்புறத்துக் குளியலறையின் மீதும் படிந்திருந்தன. இடது இறக்கை பக்கத்து வீட்டுப் பெரியகருப்பனின் களம் முழுக்க நீண்டது. வலது இறக்கை வேலிக்கருவையின் மேல் விழுந்ததால் அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபோது மற்ற நிழல்களெல்லாம் நீண்டன, இது நீளவில்லை. நிலா வெளிச்சத்திலும் அதே இடத்தில் அதே அளவில் கிடந்தது. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்கள்.

நாகஜோதி அண்ணாந்து பார்க்கவில்லை. அது எந்த விமானம் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், விமானப்படையில் சார்ஜென்டாக இருந்த அவள் புருஷன் ஈஸ்வரன், குடும்பத்தாரைத் தளத்துக்குள் விடும் ஒரு நாளில் அவளைக் கூட்டிப்போய், தான் வேலை பார்க்கும் சரக்கு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். அதே குண்டு வயிறு, அதே தூக்கிய தோள். அந்த விமானம்தான் முந்தின வாரம் ஈஸ்வரனையும் ஏற்றிக்கொண்டு வடகிழக்கு மலைகளுக்கு மேலே ஒரு மேகத்துக்குள் நுழைந்து வெளியே வராமல் போனது. தேடித் தேடிப் பார்த்தார்கள், ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தியாயிற்று என்று சொல்ல வந்த அதிகாரி, நிழலுக்குள் கால் வைத்ததும் தொப்பியைக் கழற்றினார், யோசித்து மறுபடி போட்டுக்கொண்டார், இது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். பொட்டை அழிப்பதா வைப்பதா என்று ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினார்கள். "கூர மேல நிக்கிற மனுசனுக்கு எதுக்குடி நான் பொட்ட அழிக்கணும்?" என்றாள் நாகஜோதி. பேச்சு அத்தோடு நின்றது.

வருசங்கள் போயின. நிழலில் குடும்பம் நடத்துவது லேசல்ல. போட்ட துணி காயாது, முருங்கை பூக்காது, அரைத்த மாவு புளிக்க இரண்டு பொழுது பிடிக்கும். நாகஜோதியின் மேனி அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. வடமதுரையிலிருந்த அவள் தம்பி வந்து கூப்பிட்டபோதெல்லாம், அவர் குனிந்து பார்க்கும்போது வீட்டில் ஆளில்லாவிட்டால் என்ன நினைப்பார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பெரியகருப்பன்தான் முதலில் கத்தினார். "ஒம் புருசன் எங் களத்தயும் சேத்துல்ல வளச்சுட்டான் தாயி, மொளகாய எங்கிட்டுக் காயப்போட?" என்று ஒரு மாதம் கத்திவிட்டு, களத்தில் வெள்ளாடுகளைக் கட்டிப் பார்த்தார். சித்திரை வெயிலிலும் இறக்கைக்கு அடியில் குளுகுளுவென்று இருந்தது. ஆடுகள் கொழுத்தன, குட்டி போட்டன, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. வெயில் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மந்தை அங்கே உருவாயிற்று. பெரியகருப்பன் அதன் பிறகு ஈஸ்வரனைப் பற்றி மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடை மாடியில் வான்படைக் குடும்ப நலச் சங்கம் நடந்துவந்தது. செயலாளர் சேவியர், விமானத் தளத்தின் கோபுரத்தில் உட்கார்ந்து ஏறு, இறங்கு என்று சொல்லும் வேலையிலேயே தலை நரைத்தவர். பொருளாளர் நைனா முகமது, படையின் சமையல்கூடத்தில் சப்பாத்தி சுட்டு ஓய்வுபெற்று, ஊருக்கு வந்து பிரியாணிக் கடை வைத்தவர். செத்தவர் வீட்டுக்கு ஒரு தையல் மிஷின், படிக்கிற பிள்ளைக்கு ஃபீஸ், படுத்துவிட்டவருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு ஆள். இந்த மூன்றுக்கும் அடங்காத துக்கம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது சங்கத்துக்குத் தெரியாது. ஈஸ்வரன் செத்தவர் பக்கமும் சேராமல் இருப்பவர் பக்கமும் சேராமல் நின்றதால், நாகஜோதியிடம் வந்து சேர அவர்களுக்கு இத்தனை வருசம் ஆயிற்று. கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தையல் மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

வந்து இறங்கியதும் கிழவர்கள் எல்லாரும் விறைத்து நின்று நிழலுக்கு ஒரு சல்யூட் வைத்தார்கள். சேவியர் மட்டும் வைத்த கையை இறக்காமல், சுவரில் விழுந்திருந்த வயிற்றின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குட்டையாக இரண்டு முண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, சக்கரம் வெளியதான இருக்கு? இது வந்த அன்னைக்கே இப்பிடியா?"

"அன்னையிலருந்து இப்பிடித்தாண்ணே."

சேவியர் தையல் மிஷினின் ஸ்டூலை இழுத்து அதில் உட்கார்ந்துவிட்டார். "எறங்கப் பெர்மிஷன் கேட்டு நிக்கிறானுக தாயி. இம்புட்டு வருசமா ஒருத்தரும் குடுக்கல. குடுக்காம எறங்க மாட்டானுக. சர்வீஸுல பழகுன பழக்கம் அது."

நாகஜோதி அன்றைக்குத்தான் முதல் முதலாக அழுதாள். அதுவரை அவள் காத்திருந்தாளே தவிர, நம்பிக்கை வைத்திருக்கவில்லை. வெறுமனே காத்திருப்பதை வீட்டு வேலையோடு வேலையாகச் செய்துவிடலாம். நம்பிக்கை அப்படியல்ல, அது வந்து உட்கார்ந்துவிட்டால் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கையைச் சங்கம் அவள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனது, தையல் மிஷினோடு.

ஊருக்குக் கிழக்கே கிடந்த புறம்போக்கில் ஓடுதளம் போடுவது என்று சங்கம் முடிவெடுத்தது. முட்டி தேய்ந்த முன்னாள் வீரர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கருவையை வெட்டினார்கள், மேட்டைச் செதுக்கினார்கள், தம்பியைப் படைக்குக் கொடுத்த ஒரு கான்ட்ராக்டர் ரோடு ரோலரை இரவல் கொடுத்தார். அந்த வருசம் யாருக்கும் ஃபீஸ் இல்லை, மிஷின் இல்லை. சங்கத்தின் விதவைகள் அதற்காக முகம் சுளிக்கவில்லை. வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, நடுக்கோடு போட்டுத் தந்தார்கள். இது இறங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் போன விமானமும் இறங்குமா என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். காது கேட்காதது போல எல்லாரும் குனிந்து மண்ணைக் கொத்தினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருப்பவனுக்குக் காட்டும் துணிப்பையை, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்து நாகஜோதியே புது மிஷினில் தைத்தாள். அனுமதி கொடுக்க வாணம் வேண்டுமென்று சேவியர் சிவகாசிக்கு ஆள் அனுப்பிப் பச்சையும் சிவப்புமாகச் செய்து வரவழைத்தார்.

"பச்ச மட்டும் போதாதா சார்? செவப்பு எதுக்கு?" என்று நைனா முகமது கேட்டார்.

"பச்ச வச்சிருக்கவன் செவப்பும் வச்சிருக்கணும் பாய். ரூல்னு ஒண்ணு இருக்குல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை பார்த்துவிட்டுச் சேவியர் வந்து சேர்ந்தார். நைனா முகமது விமானத்தில் போனவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அண்டாவில் தம் போட்டிருந்தார். பிரியாணி இருக்கட்டும், அவருக்குக் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காய் வெஞ்சனமும்தான் இறங்கும் என்று நாகஜோதி விடிவதற்குள் அடுப்பை மூட்டிவிட்டாள். பிறகு தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஓடுதளத்தின் ஓரத்தில் போய் நின்றாள். முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

சேவியர் பச்சையைக் கொளுத்தினார். அது மேலே போய் வெடித்ததும் நிழல் அசைந்தது. முதலில் வால், அப்புறம் வயிறு என்று மெதுவாக வீட்டை விட்டு விலகியது. வருசக்கணக்கில் வெயில் காணாத தகரக் கூரை பளீரென்று மின்னி, சூட்டில் சடசடத்தது. நிழல் தோட்டங்களின் மேல் நகர்ந்து போய், திருச்சி ரோட்டைத் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓடுதளத்துக்கு நேராக வந்து நின்று தணிந்தது. கிழவர்கள் உதட்டுக்குள் முணுமுணுத்தார்கள்.

ஆட்டு மந்தையை எல்லாரும் மறந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து இறக்கைக்கு அடியிலேயே வளர்ந்த ஆடுகள், தலைமேல் வெயில் விழுந்ததும் கொஞ்ச நேரம் அலறின. பிறகு, காணாமல் போன குளிர்ச்சியைத் தேடிப் பட்டியை முட்டிச் சாய்த்துக்கொண்டு நிழலின் பின்னாலேயே ஓடிவந்தன. சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தொடும் நேரத்தில் ஓடுதளம் நெடுக ஆடுகள். பெரியகருப்பன் துண்டை வீசிக்கொண்டு, "ஏலே, ஏலே!" என்று குறுக்கே ஓடினார். தளத்தில் எதுவும் குறுக்கே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சேவியரின் கைக்கு முப்பது வருசமாகத் தெரியும். அது அவரைக் கேட்கவில்லை. சிவப்பைக் கொளுத்திவிட்டது.

"சார்! அது நெழலு சார்! நெழலு ஆட்ட என்ன சார் பண்ணும்?" என்று நைனா முகமது நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தியபோது, வானத்தில் சிவப்பு பூத்து முடிந்திருந்தது. மேலே இருந்தவர்கள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளைகள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நிழல் மூக்கைத் தூக்கியது. நாகஜோதியின் காலடி வரைக்கும் வந்து, அவள் குனிந்து தொடுவதற்குள் விலகி, சிறுமலைச் சரிவில் ஏறி மறைந்தது. மிச்சமிருந்த பச்சைகளை ஒன்று விடாமல் கொளுத்தினார்கள். மறு ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் கொளுத்தினார்கள். அண்டாப் பிரியாணியை அந்த முதல் ஞாயிறு யாரும் தொடவில்லை, சாயந்தரம் பக்கத்து ஊர்க் காலனிக்கு அனுப்பிவைத்தார்கள்.

சேவியர் வாராவாரம் வந்து வாசலில் நிற்பார், உள்ளே வரமாட்டார். ஒரு தடவை நாகஜோதி கேட்டாள்.

"அந்தச் செவப்புக்கு என்னண்ணே அர்த்தம்?"

"இப்போதைக்கி எறங்காதன்னு அர்த்தம் தாயி."

"இப்போதைக்கின்னா எம்புட்டு நேரம்?"

"பச்ச காட்டுற வரைக்கும்."

"அதான் காட்டிட்டமேண்ணே."

சேவியர் அவளைத் தேற்ற நினைத்து, "எறங்கியிருந்தாலும் நெழல்தான தாயி எறங்கியிருக்கும்" என்றார்.

"அத வச்சுத்தானண்ணே இம்புட்டு நாளும் குடும்பம் நடத்துனேன்" என்றாள் நாகஜோதி. அதற்கப்புறம் சேவியர் வருவதை நிறுத்திக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் படுத்து, எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிக்குச் சங்கம் ஒரு தையல் மிஷின் கொடுத்தது.

ஓடுதளத்தில் இப்போது சோளம் காய்கிறது. நிழல் ஜில்லா முழுக்கத் திரிகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் இறக்கும்போது மேலே ஒரு நிமிசம் குளுகுளுவென்று கடந்து போகிறது, சின்னாளப்பட்டியில் சாயம் போட்ட சேலைகளின் மேல் ஊர்ந்து போகிறது, நாகல் நகரில் ஆட்டோக்காரர்கள் அது வந்தால் பேச்சை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். "ஈஸ்வரன் போறாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். சக்கரம் இன்னும் வெளியேதான் இருக்கிறதாம். கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் நாகஜோதி முதலில் பஸ் ஏறிப் போனாள், போய் இறங்கும்போது அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பிறகு போகவில்லை. சிவப்புக் காட்டிய இடத்துக்கு அது திரும்பாது என்று சங்கத்துக்காரர்கள் அவளுக்கு விளங்கச் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டு முருங்கை இந்த வருசம் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் அவள் அந்த வெயிலுக்குள் வருவதில்லை.