மெல்லப் பேசினால் கரகரப்பு

அக்கா பேசுவதை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது. கோபமெல்லாம் இல்லை, தொண்டைக்கு ஓய்வாம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவாள், கதவைச் சாத்தச் சொல்ல விரலை நீட்டுவாள். அத்தான் பாவம், இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல் இல்லாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அரங்கில் புது நாடகத்துக்கு ஒத்திகை. முக்கிய வேடம் அக்காவுக்கு. கத்திப் பேசுகிற காட்சியெல்லாம் கணீரென்று இருந்தது. கடைசியில், பிரிந்துபோகும் மகளிடம் கிசுகிசுப்பாக நாலு வரி பேச வேண்டும். அந்த நாலு வரிதான் ஸ்பீக்கரில் தகரத்தை மணலில் தேய்த்ததுபோல் கரகரத்தது. "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாக்கணும்மா" என்றுவிட்டார் டைரக்டர். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை, அக்கா உட்பட.

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கை வெள்ளிக்கிழமை காலை அவளைப் பார்க்க வந்தாள். வந்தவள் ஒயரும் திருப்புளியும் பிதுங்கும் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அக்காவுக்கு மௌன விரதம் மறந்துபோனது.

"எத்தனை தடவை சொல்றது? சாப்பிடுற இடத்துல இந்தக் குப்பையை வைக்காதேன்னு?" பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்தான். ஆனால் ஒரு பிசிறு இல்லை.

தங்கை அப்படியே நின்றாள். "அக்கா, இன்னொரு தடவை திட்டு."

"என்னடி?"

"இன்னும் மெதுவா திட்டு."

இரண்டாவது தடவையும் சுத்தமாகவே வந்தது. ஸ்பீக்கரில் மட்டும், அதுவும் மெல்லப் பேசினால் மட்டும் கரகரப்பு என்றால் எங்கே தேட வேண்டும் என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது. "கோளாறு உன் தொண்டையில இல்ல. கிளம்பு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு சிரிப்பாங்கடி!"

"கோணலா இருந்தா கோணல்னுதான் சொல்லணும். வா."

அரங்கின் சவுண்டு அண்ணன் நல்ல மனுஷர்தான். ஆனால் தன் ஆம்ப்ளிஃபையரை யாராவது தொட்டால் அவருக்கு ஆகாது. தங்கை திருப்புளியை எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்து அலுமினியத் தகட்டில் கையை மட்டும் வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"அண்ணே, ஆன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம். முன்னெல்லாம் சும்மா இருந்தாலும் சுடும். கருகிடப் போகுதேன்னு போன மாசம் நான்தான் உள்ளே ஒரு திருகைக் குறைச்சு வெச்சேன்" என்றார் பெருமையாக.

தங்கை சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "இதுல ரெண்டு டிரான்சிஸ்டர் பங்கு போட்டு வேலை செய்யுது அண்ணே. அலை மேல போறப்ப ஒண்ணு சுமக்கும், கீழ போறப்ப இன்னொண்ணு. கை மாத்துற நேரத்துல ரெண்டும் தூங்கிட்டா நடுவுல கொஞ்சம் சத்தம் விட்டுப்போயிடும். பெரிய சத்தத்துல அது தெரியாது. சின்னச் சத்தத்துக்கு இருக்கிறதே அந்த நடுப்பகுதிதான். அதனால ரெண்டையும் முழிச்சிருக்க வைக்க எப்பவும் கொஞ்சம் கரண்ட் ஓடணும். அந்த வெதுவெதுப்புதான் நீங்க பாத்த சூடு."

"ஒண்ணே முழுசா சுமந்தா?"

"அப்படியும் இருக்கு. ஏ வகைன்னு பேரு. சத்தம் சுத்தமா வரும், ஆனா சும்மா இருந்தாலும் அடுப்பு மாதிரி கொதிக்கும். உங்களோடது அதுக்கும் இதுக்கும் நடுவுல, ஏபி வகை. அடுப்பும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்."

சவுண்டு அண்ணன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு அவரே மூடியைக் கழற்றினார். தங்கை மீட்டரை வைத்துக்கொண்டு, அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அவசரப்பட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். கால் மணி நேரம் சூடாக விட்டு, மறுபடி அளந்து, இன்னும் கொஞ்சம். தகடு குழந்தையின் நெற்றிபோல் வெதுவெதுப்பானது.

அக்கா மேடையேறி, மைக் முன்னால் அந்த நாலு வரியைச் சொன்னாள். கடைசி வரிசையில் துடைப்பத்தோடு நின்ற பெண்மணி, கூட்டுவதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு என் மேலதான்மா" என்றார் சவுண்டு அண்ணன்.

"போங்கண்ணே, உங்க புண்ணியத்துல நாலு நாள் எங்க வீடு அமைதியா இருந்துச்சு" என்றாள் அக்கா. அதன்பிறகு சாயங்காலம்வரை அவள் வாய் ஓயவில்லை. அத்தான் போனில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் காட்சி அன்று அரங்கு நிறைந்திருந்தது. கைதட்டல் அடங்கியதும் அக்கா ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்தாள். "எப்படிடி இருந்துச்சு?"

"ஒரு இடத்துலகூட உரசல் இல்லக்கா. அருமை!"

"நாடகத்தைக் கேட்டேன்."

தங்கை திருதிருவென்று விழித்தாள். "கதைதானே? அது... கடைசியில மக திரும்பி வந்தாளா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளுக்கும் ஒரு டிக்கெட்டை அவள் கையில் திணித்தாள்.