விற்பதற்கு என்று எழுது

ரோண்டா ரொட்டிப் பையைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ராய்ஸ் பையை விரித்துப் பார்த்தான். இந்தத் துப்பாக்கிக் கடைக்காரன், பள்ளியில் அவளோடு படித்தவன்.

"ஏதோ கேக் கொண்டாந்திருக்கேன்னு நினைச்சேன்" என்றான். பிறகு, "தோட்டா இருக்கா?"

"தெரியாது."

பையிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, கைப்பிடிக்குள்ளிருந்த தோட்டாக் கூட்டை உருவினான். நிறைய இருந்தது. இத்தனை தூரம் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டி வந்ததற்கு இப்போதாவது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பனியில் மகன் ட்ரெவரின் கார் சறுக்கி லாரிக்கு அடியில் போனதிலிருந்து இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப்போல, மனதைத் தொட்டால் யாருடையதையோ தொடுவதாக இருந்தது.

ட்ரெவர் பள்ளி முடித்த குளிர்காலத்தில் அவனும் அவன் அப்பா டேரலும் நிலவறையில் உட்கார்ந்து செய்த துப்பாக்கி அது. அடக்கம் முடிந்த பிறகு டேரல் சாப்பிட்டதும் தனியாகக் கீழே போய்விடுவான். விளக்கு எரியும், சத்தமிருக்காது. இன்று காலை துணி துவைக்கப் போனபோது துப்பாக்கி இழுப்பறையில் இல்லை. அவன் உட்காரும் நாற்காலியின் கைமேல் இருந்தது.

அவள் தபாலில் வந்த இன்னொரு பெட்டியையும் எடுத்து வைத்தாள். இரண்டாவதாக ஒரு துப்பாக்கி செய்ய ட்ரெவர் வாங்கி, பிரிக்காமலே விட்டது.

"இதையும் எடுத்துக்க. உள்ள பிளாஸ்டிக் துண்டுதான்."

"ட்ரெவர் வாங்கினப்ப அப்படித்தான். யாரும் ஒண்ணும் கேக்கல. இப்ப விதியை மாத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல துப்பாக்கியாக்க முடியும்னா இதுவும் துப்பாக்கிதான்."

"பெட்டியை யாரும் தொடவே இல்லையே."

"பெட்டி மாறல, ரோண்டா. வாஷிங்டன்ல எழுதினதுதான் மாறிச்சு."

"வீட்ல வச்சிருந்தது தப்பா?"

"தப்பில்ல. நம்ம ஊர்ல தானே செஞ்சு தானே வச்சுக்கலாம். என் கடைச் சரக்கா ஆனாத்தான் அதுமேல பதிவு நம்பர் வெட்டணும். ரிப்பேர்னா சொல்லு, நம்பர் இல்லாமலே இப்பவே பாத்துக் கையில குடுத்துடறேன்."

"விக்கன்னு வச்சுட்டுப் போறேன். டேரல் வந்து திருப்பிக் கேட்டா?"

ராய்ஸ் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"அவனே செஞ்சதா இருந்தாலும் புதுசா வாங்கறவன் மாதிரிதான். படிவம் எழுதணும். ஆளைப் பத்தி விசாரிக்க நான் அரசாங்கத்துக்குப் போன் போடணும். அவங்க சரின்னு சொல்லணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"சில சமயம் காபி ஆறறதுக்குள்ள. சில சமயம் நாள்கணக்கா." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு மனசில்லேன்னா யாருக்கும் விக்காம இருக்கலாம். அதுக்கு வாஷிங்டனைக் கேக்க வேண்டாம்."

"விக்கறதுக்குன்னு எழுது."

அவன் கட்டைவிரல் கைப்பிடியிலிருந்த துளையைத் தடவியது. "கொஞ்சம் கோணல்."

"டிரில் வழுக்கிடுச்சு. ரெண்டு பேரும் கத்திக்கிட்டு அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

சொல்லிவிட்டு, அழுகை வரும் என்று காத்திருந்தாள். கடையின் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் டேரல் அடுக்களையில் நின்றபடியே சூப் குடித்துக்கொண்டிருந்தான். நிலவறைக் கதவு திறந்திருந்தது.

"எங்க?"

"ராய்ஸ்கிட்ட. விக்கச் சொல்லிட்டேன்."

ஸ்பூனைத் தொட்டிக்குள் போட்டான். "நம்பர் வெட்டுவானா?"

"வெட்டுவான்."

"ட்ரெவர் பேரு?"

"வராதாம். தனி ஆள் செஞ்சதுன்னு மட்டும்தான் எழுதுவாங்களாம்."

"தனி ஆள்" என்றான் டேரல். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"தெரியும்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கடை மூட இன்னும் நேரமிருந்தது. ரோண்டா ஜன்னலருகே போய் நின்றாள்.  வாசலில் பிக்கப் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வண்டியின் துடைப்பான் முன்கண்ணாடியிலிருந்த பனியை ஒருபக்கமாகத் தள்ளியது. அந்த இடத்தில் அவன் முகம் தெரிந்தது, பிறகு புதுப்பனி விழுந்து மூடியது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எரியும் வெள்ளை விளக்கு எரிந்தது. சக்கரங்கள் அசையவில்லை. அந்த வெளிச்சத்தில் மட்டும் பனி விழுந்துகொண்டே இருந்தது.