பூட்டிய கதவுக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மைக்கில். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வாடகை ஹாலில் கூடும் எங்கள் சபையில், என் அக்கா தவறான நேரத்தில் எழுந்து நின்றாள். நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து உருண்டு வந்ததுதான்.

(சபைக்குப் போகாதவர்களுக்கு: ஆராதனையில் முதலில் சாட்சி நேரம். தேவன் செய்து முடித்ததற்கு நன்றி சொல்கிறவர்கள் எழுந்திருப்பார்கள். பிறகுதான் ஜெப விண்ணப்பம். இன்னும் நடக்காததைக் கேட்கிறவர்களின் முறை அது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.)

அக்காவிடம் இருந்தது விண்ணப்பம். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி இரண்டாவது மாடியில். பின்பக்கம் ஓர் அவசரக் கதவு, அதற்கு வெளியே இரும்புப் படி. துணி திருட்டுப் போகிறது என்று அந்தக் கதவை வேலை நேரம் முழுக்கப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஒரே மாடிப்படி. அதிலும் பாதியை அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கும். பின்கதவைத் திறக்கச் சொல்லி இன்சார்ஜிடம் கேட்க வேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள். இதுதான் விண்ணப்பம். பல வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்தப் பதற்றத்தில் சாட்சி நேரத்திலேயே எழுந்துவிட்டாள்.

போதகரம்மா மைக்கைக் கையில் திணித்தார். கீபோர்டுக்காரர் நன்றிப் பாட்டின் மெட்டைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். எல்லா முகமும் நல்ல செய்திக்காகத் திரும்பியிருந்தது. இனி உட்கார வழியில்லை.

"எங்க கம்பெனில பின்கதவு பூட்டியே இருக்கும்," என்றாள் அக்கா. "கேக்கப் பயந்துட்டே இருந்தேன். கர்த்தர் தைரியம் குடுத்தாரு. போன வாரம் கேட்டேன். திறந்துட்டாங்க."

ஹால் அதிர்ந்தது. யாரோ விசும்பி அழுதார்கள்.

கதவு பூட்டித்தான் இருந்தது. அது அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் இருந்த இன்னொருத்திக்கும் தெரியும். அவள் அதே மாடியில் இஸ்திரி போடுகிறவள். "ஒரு தடவை வந்துதான் பாரேன்" என்று அக்காவே நச்சரித்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக அழைத்து வந்திருந்தாள்.

2

வேறு மாதிரி ஆரம்பிக்கத்தான் முதலில் பார்த்தேன்.

"முதலில் வந்தது கருகிய நூலின் வாசனை. யாரோ 'புகை' என்று கத்துவதற்குள்—"

அடித்துவிட்டேன். பூட்டிய கதவு என்றதுமே நீங்களும் தீயை எதிர்பார்த்திருப்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எதுவும் எரியாது. நாலு பேர் கருகினால்தான் ஒரு கதவு கதையாகும் என்றால் அந்தக் கதையை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

"சின்ன வயதிலிருந்தே அக்கா தைரியசாலி—"

பச்சைப் பொய். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட "நிறுத்துங்க" என்று கத்தக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் அவள்.

"தைரியம் என்பது பயம் இல்லாமல் இருப்பதல்ல, அது—"

[இது காலண்டரில் போடுவதற்கு ஆகும். என் அக்காவுக்கு ஆகாது.]

3

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். இஸ்திரிக்காரி டப்பாவோடு வந்து அக்காவை உரசி உட்கார்ந்தாள்.

"உங்க சாமி பயங்கர ஃபாஸ்டுடி. நீ கேக்குறதுக்கு முன்னாடியே திறந்துட்டாரு. பூட்டுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரல."

"மெதுவா பேசு."

"நான் எங்க பேசுனேன்? மைக்கு உன்கிட்டதானே இருந்துச்சு."

அக்காவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"அய்யோ, ஏன்டி அழற? சிரிக்கத்தான் சொன்னேன்." இஸ்திரிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லவா? நீ சொன்னப்ப ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன். நிஜமாவே திறந்துட்டாங்க, நான்தான் கவனிக்கலன்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சுடி, அந்த ஒரு நிமிஷம்."

அக்கா டப்பாவை மூடினாள். கைகூடக் கழுவாமல் நேரே இன்சார்ஜின் மேசைக்குப் போனாள். அவருக்கு மாடியில் விசில் என்று பெயர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வேண்டியவளின் பக்கம் திரும்பி ஒரு விசில் அடிப்பார், அவ்வளவுதான்.

"என்னம்மா, லீவா?"

"இல்ல சார். பின்கதவு. வேலை நேரத்துல திறந்து வைக்கணும் சார்."

"யாரு ஏத்திவிட்டது? உன் தங்கச்சியா? டிகிரி முடிச்சவளாமே."

"யாரும் இல்ல சார். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா—"

"ஆச்சுன்னா நான் இருக்கேன்ல? சாவி என் பாக்கெட்லதான் இருக்கு."

"நீங்க டீக்குப் போனா சாவியும் டீக்குப் போயிடுது சார்."

(இந்த வரியை நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். நானும் அக்காவை நம்பவில்லை. அவளுக்கு இப்படிப் பேச வராது. இஸ்திரிக்காரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எங்கம்மா சத்தியமா அப்படியேதான் சொன்னா" என்றாள். என் பாத்திரத்தை எனக்கே சரியாகத் தெரியவில்லை என்று முதலில் பட்டது அப்போதுதான்.)

விசிலின் முகம் இறுகியது. "பயமா இருந்தா முன்கதவு திறந்தேதான் இருக்கு. போயிடு. திரும்பி வர வேணாம்."

அக்கா மெஷினுக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் வரை சட்டைக் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

4

வீட்டில் நான் வெடித்தேன். எனக்கு வேறெதுவும் வராது.

"ஒரு கதவைத் திறக்கச் சொல்றதுக்கு எதுக்குக்கா பரிசுத்த ஆவி? அது சட்டம்! நான் புகார் எழுதுறேன், நீ கையெழுத்துப் போடு."

"எழுது. ஆனா கையெழுத்துப் போடுற கை என்னோடது. அது நடுங்குது. அதுக்கு உன் காலேஜ்ல என்ன வச்சிருக்காங்க?"

எனக்குக் கோபம் மட்டும் வந்தது. (இந்த இடத்தில் எனக்கு ஒரு பதிலை எழுதிக் கொடுத்து ஜெயிக்க வைத்திருக்கலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது. செய்யவில்லை.)

செவ்வாய்க்கிழமை அவள் போதகரம்மாவுக்குப் போன் போட்டாள். சமையலறையில் நின்றுகொண்டு, ஸ்பீக்கரில்.

"அம்மா, நான் சொன்ன சாட்சி பொய். சொன்ன அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. நேத்துதான் கேட்டேன், திட்டிட்டாரு. கதவு பூட்டித்தான் இருக்கு."

"பொய்னு சொல்லாதீங்க சிஸ்டர். விசுவாசத்துல முன்கூட்டியே அறிக்கை பண்ணியிருக்கீங்க. நடக்கும்."

தப்பிக்க இதைவிடக் கௌரவமான வழி யாருக்கும் கிடைக்காது. 'ஆமென்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தால் போதும், கதையும் முடிந்திருக்கும். நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. "அது விசுவாசம் இல்ல, பயம். மைக்கைக் கையில வச்சுக்கிட்டு உக்கார வெக்கப்பட்டுச் சொன்னேன். அதையும் அவர் பேரைச் சொல்லிச் சொல்லிட்டேன். அடுத்த ஞாயிறு எனக்கு மறுபடி மைக் குடுங்க. பொய்யுன்னு நானே சொல்லணும்."

"எல்லாரும் பேசுவாங்க சிஸ்டர்."

"பேசட்டும்மா."

போதகரம்மா பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது. "தரேன்மா," என்றார். சிஸ்டர் என்று சொல்லவில்லை.

எனக்கு விசுவாசம் உண்டா என்று கேட்காதீர்கள். வாரம் தவறாமல் போய் உட்காருகிறேன், அவ்வளவுதான். ஆனால் நேற்று அந்தச் சமையலறையில் ஒன்றைப் பார்த்தேன். விசிலைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் சபையில் எல்லாரும் நம்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரை. அக்கா அதை வேலைநாளுக்கும் சேர்த்து நம்புகிறாள்.

5

இன்று புதன். இதை எழுதிக்கொண்டிருக்கும் நாள்.

காலையில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த மேடையிலேயே கையை ஊன்றிக் கண்ணை மூடினாள். கதவருகில் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"இயேசப்பா, ரொம்பப் பயமா இருக்கு. பயத்தை எடுத்துருன்னு கேக்கல. கால் மடங்காம இருந்தாப் போதும்."

பிறகு புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், என்னைப் பார்த்ததும் சாதாரணமாகச் சொன்னாள். "இன்னைக்கு மெஷின்ல உக்கார மாட்டேன். அவங்க திறக்கிற வரைக்கும் அந்தக் கதவுகிட்டப் போய் நிப்பேன்."

"வேலை போயிடும்க்கா."

"போகலாம்."

"தனியாவா நிப்பே?"

"தனியா இல்ல."

"இஸ்திரிக்காரி வரேன்னாளா?"

"அவகிட்ட நான் சொல்லவே இல்லையே," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சட்டைக்குக் கை மாட்டுவது அவள் வேலை. அவள் எழுந்தால் அவளுக்குப் பிறகு இருக்கிற மெஷின்களுக்கு வேலை இல்லை. முன்னால் இருக்கிறவர்களின் துணி அவள் மேசையில் மலையாகக் குவியும். விசில் கவனிக்காமல் இருக்க முடியாது. போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

6

முடிவு அ. விசில் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுக்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். [அவர் முகத்தை எழுத முடியவில்லை. ஏன் எடுத்தார் என்று எனக்கே தெரியவில்லை.]

முடிவு ஆ. மதியத்துக்குள் அக்கா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நாளைக்கு அவள் மெஷினில் வேறொரு பெண். கதவு பூட்டியே இருக்கிறது. [இது நடக்க வாய்ப்பு அதிகம். அதற்காகவே எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.]

முடிவு இ. இஸ்திரிக்காரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அக்கா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அப்புறம் காலர் தைக்கிறவள். அப்புறம் பட்டன்காரி. அப்புறம்— [கை தானாக ஓடியது. அப்படி ஓடினால் நான் நம்புவதில்லை.]

நான்காவதாக ஒன்றையும் முயன்றேன். அக்கா மாடி ஏறுகிறாள், தூரத்திலிருந்து கதவைப் பார்க்கிறாள், விசிலைப் பார்க்கிறாள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு மெஷினில் போய் உட்—

எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன். போன வாரம் என்றால் யோசிக்காமல் இதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

நான் கம்பெனி வாசலுக்குப் போகிறேன். உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கதவைத் திறந்துவிடுவதோ பூட்டியே வைப்பதோ உங்கள் இஷ்டம். அக்காவை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.